பக்கத்து இருக்கைக்காரரிடம் எதைக் கேட்கலாம்?

1921 செப்டம்பர். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார் காந்தி. சில நாட்களுக்கு முன்புதான், அவருடன் பயணம் செய்துவந்த மௌலானா முகமது அலியை வால்டேர் ரயில் நிலையத்தில் போலீசார் கைது செய்திருந்தார்கள். பெட்டியில் இருந்தவர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதாகவே தெரியவில்லை. அநேகமாக எல்லோரும் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். அவர்களில் சிலரிடம் காந்தி பேச்சுக் கொடுத்தார்; கதர் உடுத்தும்படி மன்றாடினார். அவர்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை, விலை கட்டுப்படியாகாது என்பது அவர்கள் சொன்ன பதில். அப்போது காந்தி உடுத்தியிருந்தது மேல்சட்டை, குல்லாய், முழு வேட்டி. மதுரைக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் இடுப்பில் ஒற்றைத் துண்டோடு வெளியே வந்தார். அக்டோபர் 31 வரைக்கும் என்று அறிவித்து மேற்கொண்ட அந்த உடை, 1948-ல் அவர் சுடப்பட்ட நாள் வரை மாறவில்லை.

ஒரு ரயில் பேச்சு ஒரு தலைவரை அடியோடு மாற்றிவிட்டது என்று சொன்னால் அது மிகை. இந்த எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருமுறை வந்துபோனதை காந்தியே எழுதியிருக்கிறார். வங்கத்தில் குல்னா பகுதி மக்கள் பட்டினியும் அரைநிர்வாணமுமாகத் தவிக்கும்போது இவர் துணியை எரித்துக்கொண்டிருக்கிறார் என்ற ஏச்சைக் கேட்டபோது ஒருமுறை; முகமது அலி கைதானபோது இன்னொருமுறை. இரண்டு முறையும் தயங்கி நின்றவருக்குத் தயக்கத்தை உடைத்தது அந்த ரயில் பெட்டி. கதர் இயக்கத்தில் அவருடன் இருந்தவர்கள் ஏராளம். மாநாடுகளில் கைதட்டியவர்கள் ஏராளம். விலை கட்டுப்படியாகாது என்ற எளிய உண்மையை முகத்துக்கு நேரே சொன்னவர்கள், அவரிடம் எதையும் எதிர்பார்க்காத சக பயணிகள். அவர் எழுதிவைத்த குறிப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. சொன்ன பதில் மட்டும் இருக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் முன்பின் தெரியாதவரோடு பேசும் பேச்சுக்கு ஒரு குடிமை மதிப்பு உண்டு. ஒருவர் யார் என்று துருவாமல், அவருக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார் என்று கேட்கும்போதுதான் அந்த மதிப்பு கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பேச்சுக்கு மதிப்பு உண்டு என்ற முதல் பாதியை நாம் மறந்துவருகிறோம். துருவாமல் கேட்பது என்ற இரண்டாம் பாதியை இன்னும் கற்றுக்கொள்ளவே இல்லை.

வழியில் எதிர்ப்படுபவரின் பேச்சுக்குத் தமிழ் கொடுத்த இடம் சிறியதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், பசியோடு எதிரே வரும் இன்னொருவரை வழியில் கண்டு, எந்தப் பக்கம் போக வேண்டும், இடையில் என்னென்ன ஊர்கள், எங்கே என்ன சோறு கிடைக்கும், யாரிடம் போனால் வறுமை தீரும் என்று சொல்லி அனுப்புவதுதான் அவற்றின் பொதுவான அமைப்பு. அகப்பாடல்களிலும் ஊரைவிட்டுப் போகும் காதலரை வழியில் பார்ப்பவர்களுக்குக் ‘கண்டோர்’ என்று ஒரு தனி இடம் உண்டு. அவர்கள் வாய்திறந்து பேசுகிறார்கள். இன்றைக்கும் அரசு மருத்துவமனை வழியாகப் போகும் ஒரு நகரப் பேருந்தில் நடப்பது இதுதான். ஓ.பி. சீட்டு எந்த வரிசையில் வாங்குவது, எத்தனை மணிக்குள் போனால் டாக்டரைப் பார்க்கலாம், ஸ்கேனுக்கு என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் முதல்முறை போகிறவருக்குச் சொல்வது எந்த அறிவிப்புப் பலகையும் அல்ல; ஏற்கெனவே நான்கு முறை அலைந்துவிட்டு அதே பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர்தான். அலைச்சலில் கிடைத்த அறிவு இலவசமாகக் கைமாறும் இடம் அது. இணையத்தில் தேடினால் மருத்துவமனையின் முகவரி கிடைக்கும். செவ்வாய்க்கிழமை கூட்டம் தாங்காது, புதன்கிழமை போங்க என்ற புத்திமதி கிடைக்காது.

இந்தப் பேச்சு நல்லது என்று தெரிந்தும் ஏன் தொடங்கத் தயங்குகிறோம்? அமெரிக்காவின் சிகாகோவில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் ரயில் பயணிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அருகில் இருக்கும் அறிமுகமில்லாதவரிடம் பேசச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தனிமையில் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். பயணம் இனிமையாக இருந்தது என்று அதிகம் சொன்னவர்கள் பேசியவர்கள்தான். இதே நிலைமையை வேறு சில பயணிகளிடம் விவரித்து, உங்களுக்கு எது இனிமையாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது அவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். தனிமைதான் சுகம் என்றார்கள். பேச முயன்றால் பாதிப் பேருக்கு மேல் முகம் கொடுக்க மாட்டார்கள் என்றும் நினைத்தார்கள். பின்னர் லண்டனுக்கு வரும் ரயில்களில் நடத்திய ஆய்விலும் இதே போக்குதான் தெரியவந்தது. தடையாக இருப்பது எதிரே இருப்பவரின் விருப்பமின்மை இல்லை. அவருக்கு விருப்பம் இருக்காது என்ற நம்முடைய தப்புக் கணக்கு. அவரும் நம்மைப் பற்றி அதே தப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிகாகோவும் லண்டனும் வாய்மூடிப் பயணிக்கும் ஊர்கள், நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பேருந்துகளில் பஞ்சம் மௌனத்துக்குத்தான். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தமாகக் கைப்பேசியில் பேசக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் அறிவுறுத்த வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சத்தம் எந்த வகை என்று கவனித்தால் விஷயம் புரியும். ஒருவர் தன் மச்சானிடம் பேசுகிறார். ஒருவர் ஸ்பீக்கரில் சீரியல் பார்க்கிறார். ஒருவர் அலுவலகக் கணக்கை முழுப் பெட்டிக்கும் ஒலிபரப்புகிறார். எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் பெட்டிக்கு வெளியே இருப்பவர்களோடு. செய்தித்தாளும் முகத்தை மறைக்கத்தான் பயன்பட்டது, கைப்பேசியை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. காலை பேருந்தில் ஒருவர் வாங்கிய பேப்பரின் நடுப்பக்கம் ஒரு கைக்கும், விளையாட்டுப் பக்கம் ஒரு கைக்கும் பிரிந்து போகும். ‘சார், கொஞ்சம் பேப்பர் குடுங்க’ என்பதே பேச்சின் தொடக்கம். திருப்பிக் கொடுக்கும்போது ஆட்சியைப் பற்றி ஒரு வரி கூடுதலாக வரும். பக்கத்தில் இருப்பவரிடம் ‘கொஞ்சம் உங்க செல்லைக் குடுங்க’ என்று யாரும் கேட்க முடியாது. அவரவர் கைப்பேசியில் அவரவருக்குப் பிடித்த செய்தி மட்டும் வருவதால், கேட்டாலும் பேச ஒரு பொதுச் செய்தி இருக்காது.

முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது மனம் திறப்பது ஏன் என்பதைச் சமூகவியலாளர்கள் ஒரு நூற்றாண்டாக யோசித்திருக்கிறார்கள். ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் 1908-ல் எழுதிய ‘அந்நியர்’ என்ற கட்டுரையில், நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட மனிதர்கள் அந்நியரிடம் ஒப்புக்கொள்வார்கள் என்று கவனித்துச் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் ஜிக் ரூபின் 1970-களில் பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் நடத்திய சோதனையில், ஆய்வாளர் தன்னைப் பற்றி எவ்வளவு அந்தரங்கமாகச் சொன்னாரோ, பயணிகளும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் திறந்தார்கள். காரணம் விளங்காதது அல்ல. மருமகளிடம் பட்ட கஷ்டத்தைச் சொந்தக்காரரிடம் சொன்னால் அது கல்யாண வீட்டில் திரும்பி வரும். விழுப்புரத்தில் இறங்கிவிடப் போகிறவரிடம் சொன்னால் விழுப்புரத்தோடு போய்விடும். கேட்பவருக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு. உறவினர் என்றால் பரிந்து பேசியே ஆக வேண்டும். வழிப்பயணி என்றால், ‘உங்க மருமக பக்கமும் நியாயம் இருக்கேம்மா’ என்று சொல்லலாம். வீட்டில் யாரும் சொல்லத் துணியாத அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். மதுரை ரயிலில் காந்தி கேட்டதும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

இனி, இந்த வாதத்தின் மீது வைக்கத்தக்க மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வருவோம். நம் நாட்டில் வழிப்பேச்சு எப்போதும் இனிமையில் முடிவதில்லை. அது சாதி விசாரணையாகத் திரும்பும். இதற்கு அம்பேத்கரைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. 1901-ல், கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க, சாத்தாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினான் சிறுவன் பீமராவ். கூட அண்ணனும் அக்கா பிள்ளைகளும். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி என்று நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்பாகவே பேசினார். பிராமண வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். நீங்கள் யார் என்று அவர் விசாரித்தபோது, தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட தன் சாதியின் பெயரை, ‘மகர்’ என்று, யோசிக்காமல் சொல்லிவிட்டான் சிறுவன். அதிகாரியின் முகம் மாறியது. ஒரு வார்த்தை பேசாமல் விலகித் தன் அறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு எந்த வண்டிக்காரரும் அவர்களை ஏற்றவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு வாடகைக்கு ஒரு வண்டி கிடைத்தது. பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்துவருவார் என்ற நிபந்தனையோடு. இரண்டுமே ரயில் பயணத்தில், இருபது ஆண்டு இடைவெளியில் நடந்த பேச்சுகள். ஒன்றில் கருத்தைக் கேட்டார்கள், வரலாறு நகர்ந்தது. மற்றொன்றில் ஆளைக் கேட்டார்கள், நான்கு குழந்தைகள் நிலையத்தில் அனாதைகளாக நின்றார்கள்.

தமிழ்நாட்டுக் கணக்கும் இதற்குச் சளைத்ததல்ல. ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் இங்கே ஓடியிருக்கின்றன. ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரும் அவரது இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941-ல் ஒழிந்தது. அது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்கள் இருந்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு ஒட்டுமொத்தமாக நீக்கியது. இன்று அந்தக் கழகங்களின் பெயரில் எந்தத் தலைவரும் இல்லை. பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அளித்த அறிக்கையில், பள்ளி மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. வாய்திறந்து கேட்கும் வேலைகூட வேண்டாம், பேருந்துக் கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தாலே போதும் என்ற இடத்துக்கு விசாரணை வந்து நின்றிருக்கிறது.

இந்த விசாரணை எப்படி நடக்கும் என்பது தமிழர் எல்லோருக்கும் தெரியும். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று ஆரம்பிக்கும். ஊர் பெயர் சொன்னால், ‘அங்க எந்தப் பக்கம்? மேலத்தெருவா, கீழத்தெருவா?’ அதற்கு மழுப்பினால், ‘அப்பா பேரு? அந்த ஊர்ல எங்காளு ஒருத்தர் இருக்காரே, தெரியுமா?’ கடைசியில், ‘குலசாமி எங்க?’ எந்தக் கேள்வியிலும் சாதி என்ற சொல் வராது. எல்லாமே விசாரிப்பு, அக்கறை, உபசாரம். பதில் சொல்பவர் எந்த இடத்தில் பொய் சொல்வது, எந்த இடத்தில் உறக்கம் வந்ததுபோல் கண்ணை மூடிக்கொள்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இப்படி ஒரு கேள்விச் சங்கிலியில் சிக்கி வளர்ந்த ஒருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறினால் அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பேச்சு குறைந்துவிட்டதே என்று புலம்பும் பெரியவர்களில் பலர், அந்தப் பேச்சு தங்களுக்கு ஏன் சுகமாக இருந்தது என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பயணம் எப்போதும் இனிமையாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதே சமத்துவம் அல்லவா? ஒரே டிக்கெட், ஒரே இருக்கை, பேச்சே வேண்டாம் என்பது ஒரு வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும் இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ரயன் ஈனோஸ், பாஸ்டனைச் சுற்றி வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் புறநகர்களின் ரயில் நடைமேடைகளில், ஸ்பானிய மொழி பேசும் இளைஞர்களை இருவர் இருவராகத் தினமும் வந்து நிற்க வைத்தார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மூன்று நாட்கள் அவர்களைப் பார்த்த பயணிகளிடம் குடியேறிகள் மீதான வெறுப்பு கூடியிருந்தது. பத்து நாட்கள் பார்த்தவர்களிடம் அந்த வெறுப்பு மட்டுப்பட்டிருந்தது. இடையில் பயணிகள் சிலர் அந்த இளைஞர்களை அடையாளம் கண்டு சிரிக்கவும் முகமன் சொல்லவும் ஆரம்பித்திருந்தார்கள். 2014-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: பேசாமல் பக்கத்தில் நிற்பது பகையை உடனே குறைப்பதில்லை, முதலில் கூட்டவே செய்கிறது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே, வெவ்வேறு பிரிவினர் பழகினால் மட்டும் காழ்ப்பு குறையாது, சம அந்தஸ்தில் பழக வேண்டும், அதற்குச் சட்டமும் நிறுவனமும் துணைநிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த நிபந்தனைகளோடு ஒத்துப்போகும் இடங்கள் நம் நாட்டில் சொற்பம். கோயிலில் இல்லை, திருமண வீட்டில் இல்லை, பல ஊர்களில் சுடுகாட்டில்கூட இல்லை. பேருந்தில் இருக்கிறது.

சென்னை மாநகரப் பேருந்தில் கூட்ட நேரத்தில் நடப்பதைக் கவனித்தால் இது கண்கூடு. நடத்துநர் இருக்கும் இடத்துக்குப் போக வழியிருக்காது. நெரிசலில் மாட்டிக்கொண்டவர் இருபது ரூபாய்த் தாளை நீட்டி, ‘ஒரு தாம்பரம், பாஸ் பண்ணுங்க’ என்பார். தாள் ஐந்தாறு கை மாறி நடத்துநரிடம் போகும். டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். கடைக்காரர் சிலருக்கு மட்டும் சில்லறையைக் கையில் படாமல் மேலிருந்து போட்ட கிராமங்கள் உள்ள நாட்டில், நாணயம் ஆறு கைகளைத் தொட்டு வருவதும், அது யாருடைய கை என்று ஒருவரும் கேட்காததும் எளிய சாதனை அல்ல. பேருந்து அந்தப் பழக்கத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. நெரிசலும் அவசரமும் கொண்டுவந்தன. கைகளுக்கு வந்த அந்த நாகரிகம் வாய்க்கும் வர வேண்டும் என்பதுதான் கேட்கத்தக்கது. யாருடைய கை என்று கேட்காமல் காசை வாங்குகிறவர்கள், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் பேச்சையும் வாங்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் பெண்களிடமிருந்து வரும், வர வேண்டும். முன்பின் தெரியாத ஆண் பேச்சுக் கொடுப்பதை ஒரு பெண் குடிமைப் பண்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அராஜகம். பேருந்தில் முறைத்துப் பார்ப்பது, கண்சிமிட்டுவது, விசிலடிப்பது ஆகியவற்றையும் குற்றமாகச் சேர்த்து, அப்படி நடப்பவரை நடத்துநர் இறக்கிவிட வகைசெய்து 2022-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்த வேண்டிவந்த மாநிலம் இது. ஒரு புன்னகை எப்படி அர்த்தப்படுத்தப்படும் என்று தெரியாததால்தான் பெண்கள் முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு பயணிக்கிறார்கள். ஆனால் இதே பெண்கள் தங்களுக்குள் பேசும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, வீட்டு வேலைக்கும், துணிக்கடைக்கும், சித்தாள் வேலைக்கும் போகும் பெண்கள் ஒரே வண்டியில் சேர்ந்து போகிறார்கள். எந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பார், எங்கே மாதம் ஆயிரம் கூடுதலாகத் தருவார்கள், மகளிர் குழுக் கடனுக்கு எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் புழங்குகிறது. புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் பூக்கட்டிக்கொண்டும் காய்கறி நறுக்கிக்கொண்டும் நடக்கும் உரையாடலுக்கு எந்த வாட்ஸ்அப் குழுவும் ஈடாகாது. பாதுகாப்பு இருக்கும் இடத்தில் பேச்சு தானாக வருகிறது. பேச்சு வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்பைத்தான்.

களைப்பாக இருப்பவர், துக்கத்தில் இருப்பவர், இயல்பாகவே பேச்சு பிடிக்காதவர் ஆகியோரின் உரிமை என்ன என்பது மூன்றாவது கேள்வி. இரவுப் பணி முடிந்து காலை வண்டியில் ஏறுபவருக்கு வேண்டியது ஜன்னலில் சாய்ந்து அரைமணி நேரத் தூக்கம். அவரிடம் அரசியல் பேசுவது அக்கிரமம். பிஸ்கட்டில் மயக்க மருந்து கொடுத்து நகை பறித்த செய்திகளைப் படித்தவர்கள் எச்சரிக்கையாக இருப்பதிலும் தப்பில்லை; பேசுவதற்கும் கொடுத்ததை வாங்கித் தின்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்த உரிமைகள் எதுவும் இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிரானவை அல்ல. மறுக்க முடியாத பேச்சு பேச்சே இல்லை, அது வாக்குமூலம். முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்வது, பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்பவரைத் திமிர் பிடித்தவர் என்று முணுமுணுக்காமல் இருப்பது, இரண்டும் பேசத் தெரிந்தவரின் லட்சணம்.

நிர்வாகத்தின் பங்கும் உண்டு. புதிய ரயில்கள் பலவற்றில் விமானத்தைப் போல வரிசை வரிசையான இருக்கைகள். முன்னால் இருப்பவரின் தலைமுடிதான் கண்ணுக்குத் தெரியும். பழைய பெட்டிகளில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் முழங்கால் இடிக்காமல் இருக்கவாவது ஒரு வார்த்தை பேசிக்கொண்டார்கள். வேகமும் குளிர்சாதனமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டும் போவதில் எந்தக் காவியமும் இல்லை. சொல்ல வருவது வேறு. வசதி உள்ளவர் வாடகைக் காருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போய்விட்டு, சாதாரணப் பேருந்தும் முன்பதிவில்லாப் பெட்டியும் வேறு வழியில்லாதவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், எல்லா வகை மனிதரும் ஒரே டிக்கெட்டில் உட்காரும் இடம் என்ற அதன் குணம் போய்விடும். அதிகாரியும் தொழிலாளியும் ஒரே வண்டியில் போகும் ஊரில்தான் வண்டி நேரத்துக்கு வரும். முன்பதிவில்லாப் பெட்டிகளைக் குறைக்கக் கூடாது, சாதாரணக் கட்டணப் பேருந்துகளைக் கூட்ட வேண்டும், பெண்கள் பயப்படாமல் ஏறும் அளவுக்கு நிறுத்தங்களில் வெளிச்சம் வேண்டும் என்ற கோரிக்கைகளை இந்தக் கோணத்திலும் எழுப்பலாம்.

ஆனால் பெரும்பங்கு பயணிகளுடையது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் மழையைக் கேளுங்கள், விலைவாசியைக் கேளுங்கள், அவர் செய்யும் வேலையின் நெளிவுசுளிவைக் கேளுங்கள், இந்த அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தாராளமாகக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பதில் வந்தால் இறங்கும் இடம் வரை அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுமைக்குப் பெயர்தான் ஜனநாயகம். எந்தத் தெரு, எந்தக் குலசாமி, எந்த ஆளுங்க என்பதை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் முன்னால் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். இந்தக் கேள்விகளை அவர்கள் கற்றுக்கொள்வது பள்ளியில் அல்ல, உங்கள் பக்கத்து இருக்கையில்.